மஸ்ஜித் ஜமேக், கதவுக்கு இந்தப் பக்கம்

நீங்கதான் டிலேயா என்றாள்.
ஆமாம், நான்தான் டிலே.
ஏழு நிமிடம் பிந்தி வந்திருந்தேன், அதற்கும் பொருந்தியது.

டிக்கெட் கதவுக்கு உள்ளே அவள், வெளியே நான்.
இருவரும் அட்டையைத் தட்டுவதில்லை என்று
வாட்சாப்பில் முன்னமே பேச்சு.
தாதியர் வெள்ளைக் காலணி. கழுத்து அட்டையில்
யோகஷீலா த/பெ சந்தனசாமி.
இரவு வேலைக்கு இன்னும் நாற்பது நிமிடம்.

கதவுக்கு மேலாகப் பெட்டியை நீட்டினேன்.
உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிசு, நீலம்,
அடியில் வெல்குரோ, அதில் மூன்று வீட்டுத் தூசி.
திருகிகளில் ஒன்று அசல் இல்லை,
செத்துப்போன ரேடியோவில் கழற்றிப் போட்டது.
சத்தம் எப்படி, என்றாள்.

கரண்டு இல்லை. கிடார் இல்லை. ஆம்ப் இல்லை.
பின்னால் ரயில் அறிவிப்பு மலாயில் ஓடித்
தூணில் இடித்துத் திரும்பவும் ஓடியது.
வேறு வழியில்லாமல் வாயால் வாசித்தேன்:

டங்
   டங்
      டங்
         ட

காவலர் தொப்பியைச் சரிசெய்து
எங்களைப் பார்க்காததுபோல் பார்த்தார்.

இந்தத் திருகியை இடப்பக்கம் வைத்தால் இரட்டைக்கிளவி, என்றேன்.
சலசல, மடமட. ஒரு தடவை திரும்பும், நிற்கும்.
நடுவில் வைத்தால் அடுக்குத்தொடர்.
பாம்பு பாம்பு பாம்பு.
அவள் சிரித்துவிட்டாள்.
பிரித்தால் பொருள் தருமா தராதா,
ஆறாம் ஆண்டுத் தேர்வில்
எனக்கு அதில்தான் மார்க் போச்சு, என்றாள்.

வலப்பக்கம் முழுக்கத் திருப்பினா?

அதற்கு இலக்கணம் கிடையாது.
போட்ட சுரத்தைத் தானே தின்று தானே பெருத்து
ஊளையாக ஏறும். கையை எடுத்த பிறகும் ஏறும்.
செராஸில், மணிக்கு முப்பது வெள்ளி வாடகை அறையில்,
ஒருமுறை அதை அணைக்காமலே சண்டை போட்டோம்.
லோகேந்திரன் குச்சிகளைப் பைக்குள் போட்டான்,
கதவருகில் திரும்பி ஏதோ சொன்னான்.
வாய் மட்டும் அசைந்தது.
இதை நான் அவளிடம் சொல்லவில்லை.
பத்திரமாத் திருப்பணும், என்று மட்டும் சொன்னேன்.

என்கிட்ட ஃபஸ் இருக்கு, என்றாள்,
யாரோ கேட்டதுபோல.
தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி,
ராத்திரி ஹெட்போனில் போட்டால்
வார்டின் பீப் பீப் எல்லாம் காதிலிருந்து கழுவிப்போகுமாம்.
எப்படி இருக்கும், என்றேன், இப்போது நான்.

சுற்றிலும் பார்த்தாள். மணியைப் பார்த்தாள்.
பிறகு பல்லைக் கடித்து, உதட்டைப் பிதுக்கி,
ஸ்ஸ்ர்ர்ர்ங்ங்
என்றாள், நிலையம் முழுக்கக் கேட்க.

அதைப் பிடித்து நான்
ர்ர்ங்ங்
   ர்ங்ங்
      ங்

பள்ளிப் பையன்கள் இருவர் கைத்தட்டினார்கள்.
ஓர் அம்மா பிள்ளையை அந்தப் பக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டார்.
அவளுடைய வண்டு என்னுடைய கிணற்றில்
மூன்று தடவை விழுந்து எழுந்தது.
இரண்டு வருடமாக நான் யாரோடும் வாசிக்கவில்லை.

ஏன் விக்கிறீங்க?
மைவிக்கு கியர்பாக்ஸ்.
இருநூத்தம்பது லா, கடைசி, என்றாள்.
இருநூற்று எண்பது என்றுதான் பேசியிருந்தோம்.
சரி என்றேன்.
கியூஆர் குறியைக் கதவுக்கு மேலே பிடித்தேன், கைப்பேசி கிணுங்கியது.
ஒன்பது வோல்ட்தானே?
ஒன்பதுதான்.
பெட்டியைச் சீருடைப் பைக்குள் திணித்துக்கொண்டு
மின்படிகளில் ஓடினாள்.
ரயில் எந்தப் பக்கம் போனது என்று பார்க்கவில்லை.

வெளியே மழை விட்டிருந்தது.
இரண்டு ஆறுகளும் ஒரே சேற்று நிறத்தில்
எது எதுவென்று தெரியாமல் போய்க்கொண்டிருந்தன.
படியிறங்கித் தேங்கிய தண்ணீரில் கால் வைத்தேன்.

சல, என்றது.

இன்னொன்றுக்காகக்
கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.